கூழ்க்காரனின் ஊர்க்காரன்

எங்கள் தீவில் மனிதர் ஏறக்கூடிய உயரம் பனைமரம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. திருவண்ணாமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி மலையை அண்ணாந்து பார்த்தேன். கழுத்து நொந்தது. இவ்வளவு பெரியதைச் சும்மா ஊருக்கு நடுவில் வைத்திருக்கிறார்கள் என்று எரிச்சல் வந்தது.

நான் சாமி கும்பிட வரவில்லை. ஒரு ஆளைப் படம் எடுக்க வந்தேன்.

எங்கள் அனலைதீவு யாழ்ப்பாணத்துக்கு மேற்கே இருக்கிறது. படகில்தான் வரவேண்டும். இறங்குதுறையில் படகுக்குக் காத்திருக்கிற மண்டபத்தைப் புதிதாகக் கட்டி, உள்சுவரில் ஊரின் பெரிய மனிதர்களை வரைகிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் செய்கிற உபயம். லண்டனில் பெயர் எடுத்த இருதய வைத்தியர், கொழும்பில் நீதிபதியாக இருந்தவர், தவிலோடு பல நாடு பார்த்தவர், கனடாவில் தேர்தலில் வென்ற பெண்பிள்ளை. எல்லோரையும் எனக்குத் தெரியும். வைத்தியர் சின்ன வயதில் என்னோடு நண்டு பிடித்தவர். நண்டு அவரைத்தான் கடிக்கும்.

இவர்கள் எல்லோருக்கும் ஒரு பொருத்தம் உண்டு. ஒருவரும் ஊரில் இருக்கவில்லை. போனவர்கள் சுவரில் இருக்கிறார்கள். இருந்தவர்கள் நாங்கள் அவர்களுக்குக் கீழே வாங்குப் பலகையில் குந்தி, படகு வருகிறதா என்று பார்க்கிறோம்.

சுவரில் ஒரு இடம் மிஞ்சியது. கதவுக்குப் பக்கத்தில். யாரைப் போடுவது என்று கூட்டம் வைத்தார்கள். கூட்டத்துக்குக் கூழ் காய்ச்சியது நான். தீவில் எந்தக் கூட்டம் என்றாலும், திருவிழா முடிந்த களைப்பு என்றாலும், வலைக்காரர் கரைக்கு வந்த சந்தோஷம் என்றாலும் பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சுவது நான்தான். வாலிப வயதிலிருந்து அதுதான். அந்த இடத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. கூழ் கொதித்த கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். நின்றால் போதும் என்று நினைத்தேன்.

ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர் தன் போனைத் தூக்கிக் காட்டினார். ஒரு காணொளி. மலைப்பாதை. வரிசையாகச் சனம். நடுவில் ஒருவன் அகப்பையோடு நிற்கிறான். "சிலோன் கூழ்க்காரர்" என்று எழுதியிருந்தது.

"இவர்தான் எங்கடை தீவின்ரை பேரை இந்தியாவில நாட்டினவர்" என்றார் அதிபர்.

எல்லோரும் கை தட்டினார்கள். அவர்கள் வாயில் என் கூழ் இருந்தது.

அவன் கனகு. என் மாமன் மகன், ஒத்த வயது. சண்டைக் காலத்தில் படகேறிப் போனவன். போகும் முன் இருவரும் ஒரே கிடாரத்தில் அகப்பை பிடித்தோம். பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை.

"ராசையா, நீ சொந்தக்காரன். நீயே போய் விசயத்தைச் சொல்லி, சம்மதம் கேட்டு, வடிவான படமொண்டு எடுத்துக்கொண்டு வா" என்றார் அதிபர்.

ஓம் என்றேன். அவன் கூழில் ஒரு பிழை இருக்கும். அதைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்து சொன்னால் சுவரில் அவன் ஏறமாட்டான். அதற்காகத்தான் பயணப்பட்டேன்.

பஸ் நிலையத்துக்கு வெளியே தேத்தண்ணிக் கடை. இங்கே டீ என்றால்தான் தருகிறார்கள். சின்னக் கிளாஸ், வாயெல்லாம் இனிப்பு. அடி அண்ணாமலைக்கு எப்படிப் போவது என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் ஆற்றுகிறதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார், அப்படியே கூழ்க்காரரு மாதிரியே பேசறீங்க!"

"நான் பிறந்த நாளிலிருந்து இப்பிடித்தான் பேசுறன்."

"இல்ல சார், அவரு பேசற ஸ்டைல் அது. இங்க பசங்கல்லாம் அவரு மாதிரி பேசிக் காட்டுவானுங்க. 'வாங்கோ, இருங்கோ'ன்னு."

என் பேச்சு அவனுடையதாகிவிட்டது. காசைக் கொடுத்துவிட்டு எழும்பினேன்.

ஷேர் ஆட்டோ ஒன்றில் ஏற்றினார்கள். அதில் ஏற்கெனவே இடம் இல்லை. இங்கே அது ஒரு தடை இல்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து மல்லாட்டை மூட்டையோடு வந்த ஒரு அம்மா பாதி என் மடியில் இருந்தார். மல்லாட்டை என்றால் கச்சான். ஊரைத் தாண்டியதும் ஆட்டோ இருமியது, நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளச் சொன்னான் டிரைவர். நானும் இறங்கினேன்.

"எந்த ஊருப்பா நீ?" என்று அந்த அம்மா கேட்டார்.

சொன்னேன்.

"கூழ்க்காரருக்குச் சொந்தமா?"

"மச்சான் முறை."

"ஐய, அப்ப நீ தள்ளாத. ஏறி உக்காரு. டேய், இவரு கூழ்க்காரரு மச்சான்டா!"

அந்த அம்மாவும் தள்ளுகிறார். நான் மட்டும் உட்கார வேண்டுமாம், கனகுவின் புண்ணியத்தில். நான் தள்ளினேன். மற்ற எல்லோரையும் விடக் கூடத் தள்ளினேன். ஆட்டோ புறப்பட்டது. கொஞ்ச தூரம் என்னை விட்டுவிட்டே போனது.

கனகுவின் வீடு அடி அண்ணாமலையில், எங்கள் நாட்டு ஆட்கள் இருக்கிற முகாமில். சின்ன வீடு. பார்க்க வருகிறேன் என்று மட்டும் போனில் சொல்லியிருந்தேன். வாசலில் நின்றவனை எனக்கு அடையாளம் தெரிந்தது. தலை முழுக்க மயிர். எனக்கு இல்லை. அதையும் கவனித்தேன்.

"மச்சான்! வந்திட்டியா!" என்று கட்டிப்பிடித்தான். பிறகு உள்ளே திரும்பி, "மல்லிகா, தோ யாரு வந்துக்கிறாரு பாரு! தண்ணி எட்தா!" என்று கத்தினான்.

மல்லிகா அவன் மனைவி. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். கெட்டிக்காரி.

"வாங்கண்ணா. இவுரு ஊட்ல எங்கள மாதிரியேதான் பேசுவாரு. கடைக்குப் போனாத்தான் உங்க மாதிரி. கேக்கறவங்களுக்கு அதுதான புடிக்குது" என்றாள்.

அதுவே முதல் பிழை என்று மனதில் வைத்தேன்.

சாப்பாடு கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், தொட்டுக்கொள்ள மல்லாட்டைத் துவையல். களியைக் கடிக்கக் கூடாது, விழுங்க வேண்டும் என்றாள் மல்லிகா. விழுங்கினேன். கல் மாதிரி வயிற்றில் இருந்து பசியை அடக்கியது. எங்கள் பிட்டு இவ்வளவு நேரம் தாங்காது.

இரவு படுக்கும் முன் கனகு ஊர் விசயம் கேட்டான். ஐயனார் கோயில் கேணி தூர்ந்துவிட்டதா, புகையிலை இன்னும் போடுகிறார்களா, எந்தப் படகு ஓடுகிறது என்றெல்லாம். கடைசியில் கேட்டான்.

"மச்சான், என்ரை பேர் இப்ப ஊரில ஆருக்கும் தெரியுமோ?"

சொல்ல வேண்டிய இடம் அது. "பழைய ஆக்கள் ஒண்டிரண்டு பேருக்கு" என்றேன்.

"ம்" என்றான். திரும்பிப் படுத்தான்.

அடுத்த நாள் காலை கடைக்குப் போனோம். கிரிவலப் பாதையில், புளியமரத்துக்குக் கீழே ஒரு தள்ளுவண்டி. செருப்பில்லாமல் சனம் நடந்துகொண்டே இருக்கிறது. மலையைச் சுற்றி நடந்தால் புண்ணியம். எங்கள் தீவையும் ஒரு காலையில் சுற்றி வரலாம். அதற்காக ஒருவரும் எங்களுக்குப் புண்ணியம் தருவதில்லை.

சனத்தைக் கண்டதும் கனகு ஆள் மாறினான். "வாங்கோ அம்மா, வாங்கோ! இருங்கோ! ஒடியற்கூழ் குடிச்சுப் பாருங்கோ, கால் நோவெல்லாம் பறந்திடும்!" எங்கள் ஊரில் ஒருவரும் இப்படி இழுத்துப் பேசமாட்டார்கள். பலா இலையைத் தொன்னையாகக் கோலி, ஈர்க்குக் குத்தி, அதில் ஊற்றிக் கொடுத்தான். வாங்கியவர்கள் முதலில் படம் எடுத்தார்கள். பிறகுதான் குடித்தார்கள். ஆந்திராவிலிருந்து வந்த பெண்கள் சிலர் தெலுங்கில் ஏதோ சொல்லிக் கனகுவைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மல்லிகாவுக்குத் தெலுங்கு கொஞ்சம் தெரியும்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"மலை சுத்தனது பாதி புண்ணியம், இந்தக் கூழு பாதி புண்ணியமாம்."

எனக்கும் ஒரு இலை தந்தான். மரவள்ளி இருந்தது, பயற்றங்காய் இருந்தது, பலாக்கொட்டை, முருங்கையிலை, செத்தல் மிளகாய், புளி எல்லாம் இருந்தன. ஒடியல் மாவுக்கு மல்லிகாவின் அம்மா வீட்டுப் பனங்கிழங்காம். மாவின் கசப்பைச் சரியாகக் கழுவி எடுத்திருந்தான். மீன் இல்லை. நண்டு இல்லை. இறால் இல்லை.

குடித்தேன். நன்றாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மீன் எங்கை?" என்று கேட்டேன்.

அவன் என் கையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். "மெல்லக் கதை! இது மலைப்பாதை. விரதச் சனம். மீன் மணம் ஒருக்கா வந்தா எனக்கு இந்தப் பாதையில கடை இல்லை. விளங்கிச்சோ?"

விளங்கியது. பிழை கிடைத்துவிட்டது. மீன் இல்லாதது கூழ் இல்லை. ஊரில் சொன்னால் சின்னப்பிள்ளையும் ஒத்துக்கொள்ளும்.

மத்தியானம் அதிபர் போனில் வந்தார். "படம் எடுத்தாச்சோ?"

"வெளிச்சம் காணாது" என்றேன். அப்போது எரித்த வெயிலுக்கு அரைநாளில் ஒடியல் காய்ந்திருக்கும்.

கடைக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்து, "நீங்க அவரு அசிஸ்டென்டா?" என்று கேட்டார்கள். இரண்டு பேர் கேட்டார்கள். மூன்றாவது ஆள் கேட்காமலே என்னிடம் எச்சில் இலையைத் தந்தார். வாங்கிக் கூடையில் போட்டேன்.

மூன்றாம் நாள் பௌர்ணமி. மாதத்தில் அந்த ஒரு நாள் வியாபாரத்தில்தான் வீடு ஓடுகிறது என்று மல்லிகா சொன்னாள். காலையிலேயே கனகுவுக்கு ஒரு அழைப்பு வந்தது. முகாம் ஆட்களின் பதிவு விசயமாக வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஆள் நேரில் வரவேண்டும்.

"மச்சான், நீ காய்ச்சு. மா கழுவி வைச்சிருக்கு. மரக்கறி வெட்டி இருக்கு. கையெழுத்தைப் போட்டிட்டு ஓடி வாறன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

வீட்டுக்குப் பின்னால் அடுப்பு. பெரிய கிடாரம். கனகுவின் அகப்பை. மல்லிகா கடையைத் திறக்கப் போய்விட்டாள். நான் தனியே நின்றேன்.

அடுப்பை மூட்டினேன். மரவள்ளி, பலாக்கொட்டை போட்டேன். கொதித்தது. கை தன்பாட்டில் வேலை செய்தது. பயற்றங்காய் போட்டேன். மிளகாயும் புளியும் கரைத்து ஊற்றினேன். பிறகு உள்ளே போய் என் பையைத் திறந்து, என் மனைவி கனகுவுக்கென்று கட்டித் தந்த கூனி இறால் பொட்டலத்தைப் பிரித்தேன். காய்ந்த பொடி இறால். இரண்டு கையாலும் அள்ளி வந்து கிடாரத்தில் போட்டேன்.

போட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

வேணுமென்று செய்தேனா என்று மல்லிகா பிறகு கேட்டாள். இல்லை. பயற்றங்காய் வெந்தால் கூனி போட வேண்டும். என் கைக்கு அது மட்டும்தான் தெரியும். யோசித்திருந்தால் போட்டிருக்க மாட்டேன். ஆனால் மணம் எழும்பியபோது எனக்கு வெட்கம் வரவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

கூழ் எடுக்க வந்த மல்லிகா வாசலிலேயே மணம் பிடித்து ஓடி வந்தாள். "ஐயையோ! இன்னாண்ணா போட்டீங்க?"

"கூனி."

அவள் தலையில் கை வைத்தாள். "கருவாடு நானுந்தான் துன்றேன். எங்க அம்மா ஊட்ல கூழுன்னாலே கருவாட்டுக் கொழம்புதான். ஆனா இந்த ரோட்ல துன்னுவனா? ஜனம் எத்தினி வருது தெரியுமா இன்னிக்கு? இப்ப வேற காயும் இல்ல, வேற அண்டாவும் இல்லியே!"

அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தேன். 

அவள் கிடாரத்தை மூடினாள். ஈரச் சாக்கை மேலே போட்டாள். வீட்டில் இருந்த தயிரையெல்லாம் மோராக்கி, இஞ்சி தட்டிப் போட்டுக் குடத்தோடு கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் மற்றக் குடத்தைத் தூக்கினேன்.

பாதை நிரம்பிவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் கூழ் கேட்டார்கள். "இன்னிக்கு அடுப்பு ரிப்பேர்" என்று மல்லிகா சொன்னாள். அவர்கள் என்னைப் பார்த்து, "கூழ்க்காரரு எங்க?" என்றார்கள். போனபோதும் திரும்பித் திரும்பித் தேடினார்கள். மோர் முடிந்துவிட்டது. கடையை மூடினோம்.

வீட்டுக்கு வந்தால் கொல்லையில் ஆட்கள் நின்றார்கள். ஈரச் சாக்கு ஒன்றும் உதவவில்லை. மணம் முகாம் முழுக்கப் போயிருந்தது. முன்னால் நின்றவர் நெடுந்தீவுக் கிழவர் ஒருவர். கையில் செம்பு.

"ஆர் கூனி போட்டது?"

"நான்."

"எவ்விடம்?"

"அனலைதீவு."

"ஊத்து."

நான் மல்லிகாவைப் பார்த்தேன். "கீழ கொட்றதுக்கு இவங்க வயித்துல கொட்டலாம், ஊத்துங்கண்ணா" என்றாள். கோபம் போகவில்லை. ஆனாலும் சொன்னாள்.

அடுப்பை மறுபடி மூட்டி, மாவைக் கரைத்து விட்டேன். இறுகியது. ஊற்றினேன். புங்குடுதீவு, நயினாதீவு, வேலணை என்று ஒவ்வொருவராக ஊரைச் சொல்லிக்கொண்டு ஏனத்தை நீட்டினார்கள். இங்கே பிறந்த பெண் ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். "ஐய, இன்னா நாத்தம்மா இது!" அவள் தாய் குடித்துக்கொண்டே, "பொத்தடி வாயை. மூக்கைத் திற" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நெடுந்தீவுக் கிழவர் இரண்டாம் தரம் வந்தார். மூன்றாம் தரமும் வந்தார். "கனகு ஒரு நாளும் இப்பிடித் தந்ததில்லை" என்றார்.

எனக்கு உள்ளே இனித்தது. அந்த இனிப்பு போய்விடக் கூடாது என்று அடிக்கிடாரம் வரை வழித்து ஊற்றினேன். கொஞ்சத்தை மட்டும் மூடி வைத்தேன்.

சூரியன் இறங்கும் நேரம் கனகு வந்தான். பௌர்ணமிக்கு வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். வேங்கிக்காலிலிருந்து நடந்து வந்திருக்கிறான், எதிரில் வருகிற சனத்தை இடித்துக்கொண்டு. சட்டை நனைந்திருந்தது. மூடியிருந்த கடையைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். மல்லிகா ஒன்று விடாமல் சொன்னாள். அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

 நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தான். ஒரு பலா இலையை எடுத்துக் கோலினான். நீட்டினான்.

ஊற்றினேன்.

குடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். இன்னொரு தரம் நீட்டினான். அதையும் குடித்தான்.

"புளி கூடிப்போச்சு" என்றான்.

"உன்ரை அடுப்பு சரியில்லை" என்றேன்.

"ஊரில இப்பவும் நீதான் காய்ச்சுறனியோ?"

"ஓம்."

"அதுதானே பார்த்தன்." விரலை நக்கினான். "நான் இஞ்ச காய்ச்சுறது எனக்கே பிடிக்காது மச்சான். ஒரு நாளும் நான் குடிக்கிறதில்லை. சனம் கும்பிடேக்கை சிரிச்சுக்கொண்டு நிப்பன்." பிறகு சொன்னான்: "இஞ்ச நான் சிலோன்காரன். அங்க வந்தா இந்தியாக்காரன் எண்டுவியள். எந்த ஊரிலயும் என்ரை பேரைப் போட ஒரு இடம் இல்லை."

நான் வென்றுவிட்டேன். இரண்டு நாள் தேடிய பிழையை அவனே எடுத்து என் கையில் தந்துவிட்டான். ஊருக்குப் போய், அவனுக்கு விருப்பமில்லை என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது.

"இறங்குதுறைச் சுவரில உன்னை வரையப் போறாங்கள்" என்றேன். "அதுக்குத்தான் வந்தனான்."

அவன் இலையைக் கீழே வைத்தான். "என்னையோ?"

"உன்னைத்தான்."

"எவ்விடத்தில?"

"கதவடியில. வைத்தியருக்குப் பக்கத்தில."

"அந்த நண்டுக்கடி வைத்தியருக்கோ?" அவன் குரல் உடைந்தது. சிரிப்பா வேறா தெரியவில்லை.

"இன்னாவாம்?" என்றாள் மல்லிகா.

"எங்க ஊர் செவுத்துல என் படம் எழுதப் போறாங்களாம்மே."

"ஏன், செத்தவங்களைத்தான எழுதுவாங்க?"

"போனவங்களையும் எழுதுவாங்க" என்றான்.

தலை வாரி, வேறு சட்டை போட்டு வருகிறேன் என்று எழும்பினான். வெளிச்சம் போகிறது, இரு என்றேன். போனை மல்லிகாவிடம் கொடுத்தேன். அவன் இலையை நீட்டினான். நான் ஊற்றினேன். அவள் எடுத்தாள். வாயெல்லாம் கூழ், கண் பாதி மூடி. அவனுக்கு அதைவிட நல்ல முகம் இல்லை. எனக்கே தெரிந்தது.

ஊருக்கு வந்தேன். அதிபர் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பெயின்டர் சுவரில் வரைந்தான். வரைந்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"ஐயா, படத்தின்ரை ஓரத்தில ஒரு கை அகப்பையோட வருது. ஆளில்லாத கை. அழிக்கட்டோ?"

"அழி. வடிவில்லை" என்றார் அதிபர்.

"கை இல்லாட்டிக் கூழ் வானத்தில இருந்தோ ஊத்தும்?" என்றேன்.

அதிபர் யோசித்தார். நியாயம்தான் என்றார். மணிக்கட்டு வரை விட்டான் பெயின்டர்.

இப்போது காலையில் படகுக்கு வருகிற சனம் கனகுவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அவனோடு நின்று படம் எடுக்கிறார்கள். கை யாருடையது என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.

என் வலது மணிக்கட்டில் கிடாரம் சுட்ட தழும்பு ஒன்று உண்டு. பெயின்டர் அதைப் போடாமல் விட்டுவிட்டான். ஒரு மத்தியானம் மண்டபத்தில் ஆள் இல்லை. அடுப்பிலிருந்து கரித்துண்டு ஒன்று கொண்டுபோய் நானே போட்டேன்.